புத்தகத்தில் காட்டுங்கள், பார்க்கலாம்!

1762-ம் வருஷம் நவம்பர் மாதம் 11-ந் தேதி. லண்டனுக்குக் கிழக்கே ஸ்டெப்னி என்னும் பகுதியில் ஜான் என்டிக் என்பவர் குடியிருந்தார். உபாத்தியாயர், புத்தகம் எழுதுகிறவர். அன்று அவர் வீட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். 'ராஜாவின் தூதுவர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். பெயர்தான் தூதுவரே தவிர, செய்த காரியம் வேறு. பலவந்தமாக உள்ளே நுழைந்தார்கள். நாலு மணி நேரம் வீட்டைக் குடைந்தார்கள். அறைகளின் பூட்டை உடைத்தார்கள், பெட்டிகளை உடைத்தார்கள், மேஜை இழுப்பறைகளையும் விடவில்லை. சொந்தக் காகிதங்களையெல்லாம் பிரித்து வாசித்தார்கள். கடைசியில் கட்டுக் கட்டாகக் காகிதங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாலு மணி நேரம் அன்னியர்கள் வீட்டுக்குள் நின்று பெட்டியைக் கவிழ்த்தால் எப்படி இருக்கும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பெட்டியில் எது எதனடியில் மடித்து வைத்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

என்டிக் செய்த குற்றம் என்ன? 'மானிட்டர்' என்ற பத்திரிகை சர்க்காரைக் கண்டித்து எழுதிவந்தது. அதில் அவருக்குக் கை உண்டு என்று தகவல். மந்திரி ஹாலிபாக்ஸ் பிரபு ஒரு வாரண்டில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

"பெரிய இடத்து விவகாரம், நமக்கேன் வம்பு?" என்று இருந்துவிடுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். என்டிக் அப்படி இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். அடுத்தவன் கொல்லையில் மாட்டை ஓட்டிவிட்டவன் மேல் எப்படி வழக்குப் போடுவார்களோ, அதே தினுசில் அந்த நாலு பேர் மேலும் வழக்குப் போட்டார். "என் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தார்கள், என் சாமான்களைச் சேதப்படுத்தினார்கள், நஷ்டஈடு வேண்டும்" என்றார்.

எதிர்க் கட்சியார் சும்மா இருப்பார்களா? மந்திரியின் வாரண்டைக் காட்டினார்கள். "இப்படிப்பட்ட வாரண்டுகள் வெகு காலமாக வழக்கத்தில் இருக்கின்றன, இதுவரை யாரும் ஆட்சேபிக்கவில்லை" என்றார்கள். "ராஜ்யத்தின் நன்மைக்கு இந்த அதிகாரம் அவசியம்" என்றும் சொன்னார்கள். எந்தக் காலத்திலும் எந்த தேசத்திலும் அதிகாரிகள் சொல்லுகிற இரண்டு சமாதானங்கள் இவைதாம்.

பிரதம நீதிபதி காம்டன் பிரபு 1765-ல் தீர்ப்புச் சொன்னார். அதன் சாரம் இதுதான்: பிறர் வீட்டில் அனுமதியில்லாமல் காலை வைப்பதே குற்றம். வைத்தவர்தான் தமக்கு அந்த உரிமை உண்டென்று காட்ட வேண்டும். அப்படி ஒரு சட்டம் இருந்தால் நம்முடைய புத்தகங்களில் அது அகப்படும். அகப்படவில்லையென்றால் அது சட்டமில்லை. இவ்வளவு நாளாக ஜனங்கள் பேசாமல் இருந்தார்கள் என்பதால் அக்கிரமம் சட்டமாகிவிடாது. ராஜ்யத்தின் அவசியம் என்ற வாதத்தை இந்தச் சட்டம் அறியாது.

ஜூரிகள் என்டிக்குக்கு 300 பவுன் நஷ்டஈடு விதித்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பு நின்றது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'புத்தகத்தில் காட்டுங்கள்' என்று நீதிபதி கேட்டாரே, அது எந்தப் புத்தகம்? நம் நாட்டில் அரசியல் சட்டம் என்று ஒரு புத்தகம் இருக்கிறது, கடையில் வாங்கலாம். இங்கிலாந்தில் அப்படி ஒரே புத்தகமாக அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. அங்கே சட்டத்தின் பெரும் பகுதி, இன்னாருக்கும் இன்னாருக்கும் நடந்த வழக்கு, அதில் நீதிபதி சொன்ன தீர்ப்பு, அந்தத் தீர்ப்பைப் பின்பற்றி இன்னொரு தீர்ப்பு என்று சங்கிலி போலத் தொடர்ந்து வந்ததுதான். இதற்குத்தான் 'காமன் லா' என்று பெயர்.

புரிந்துகொள்ளக் கஷ்டமாக இருக்கிறதா? கஷ்டமே இல்லை. இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தச் சட்டம் தினந்தோறும் நடக்கிறது. "போன தீபாவளிக்கு அண்ணாவுக்கு மட்டும் இரண்டு கட்டு மத்தாப்பு வாங்கிக் கொடுத்தாயே, இப்போது எனக்கும் இரண்டு வேண்டும்" என்று சின்னவன் கேட்கிறான். அவன் எடுத்துக் காட்டுவது முன் தீர்ப்பு. "அண்ணா அப்போது ஒரு வாரம் ஜுரமாகக் கிடந்தான், அதனால் கொடுத்தேன். உனக்கு இப்போது ஜுரமா?" என்று தாயார் பதில் சொல்லுகிறாள். அந்த வழக்கு வேறு, இந்த வழக்கு வேறு என்று பிரித்துக் காட்டுவது இது. வெஸ்ட்மின்ஸ்டரில் பொய்மயிர் தரித்த வக்கீல்கள் இத்தனை நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததும் இதைத் தவிர வேறில்லை. காரணம் சொல்லாமல் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி தீர்ப்புச் சொல்லும் தாயாரிடம் குழந்தைகளுக்கு நம்பிக்கை போய்விடும். நீதிபதி விஷயமும் அப்படித்தான். ஒரே மாதிரியான வழக்குக்கு ஒரே மாதிரியான தீர்ப்பு வேண்டும்; மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும். இதுதான் அஸ்திவாரத்தின் முதல் கல்.

அந்தக் கல்லை வைத்தவர் இரண்டாம் ஹென்றி ராஜா. 1154 முதல் 1189 வரை ஆண்டவர். அவர் காலத்துக்கு முன் இங்கிலாந்தில் ஊருக்கு ஒரு வழக்கம், பிரபுவுக்கு ஒரு கச்சேரி என்று இருந்தது. ஹென்றி தம்முடைய நீதிபதிகளை ஊர் ஊராக அனுப்பினார். அவர்கள் அந்தந்த ஊரில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கி, நடந்த குற்றங்களைச் சொல்லச் சொன்னார்கள். வெஸ்ட்மின்ஸ்டருக்குத் திரும்பி வந்ததும் ஒருவர் சொன்ன தீர்ப்பை இன்னொருவர் தெரிந்துகொண்டார். வர வர, தேசம் முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டம் உருவாயிற்று. 'காமன்' என்ற சொல்லுக்கு இங்கே அதுதான் பொருள்: எல்லாருக்கும் பொது.

ஜனங்களுக்குப் பொது, சரி. ராஜாவுக்கு? அதுதான் பெரிய கேள்வி. அதற்கு முதல் பதில் 1215-ம் வருஷம் ஜூன் 15-ந் தேதி, தேம்ஸ் நதிக் கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளியில் கிடைத்தது. ஹென்றியின் மகன் ஜான் ராஜா வரிக்கு மேல் வரி போட்டுப் பிரபுக்களின் பொறுமையைச் சோதித்துவிட்டார். அவர்கள் ஆயுதத்தோடு வந்து நிர்ப்பந்தப்படுத்தி, ஒரு சாசனத்தில் அவருடைய முத்திரையை வைக்கச் செய்தார்கள். அதுதான் 'மாக்னா கார்ட்டா'. தேசத்தின் சட்டப்படியோ, சமமானவர்களின் தீர்ப்புப்படியோ அல்லாமல் சுதந்திர மனிதன் எவனையும் சிறையில் அடைப்பதில்லை. நீதியை யாருக்கும் விற்பதில்லை, மறுப்பதில்லை, தாமதப்படுத்துவதில்லை என்றெல்லாம் ராஜா அதில் ஒப்புக்கொண்டார்.

அந்தச் சாசனத்தில் பெண்களைப் பற்றியும் இரண்டு மூன்று வாக்கியங்கள் உண்டு. கணவனை இழந்தவளுக்கு அவளுடைய சீதனமும் உரிமைச் சொத்தும் உடனே சேர வேண்டும். அவள் கணவன் வீட்டில் நாற்பது நாள் இருக்கலாம். மறுமணம் செய்துகொள் என்று அவளை யாரும் நிர்ப்பந்திக்கக் கூடாது. அந்த நாளில் பணக்கார விதவைகளை ராஜாவே தமக்கு வேண்டியவர்களுக்குக் கட்டிக்கொடுத்து லாபம் பார்த்துவந்தார். அதனால் இது சாமான்ய விஷயமல்ல. ஆனால் இன்னொரு ஷரத்தையும் பாருங்கள். கொலை நடந்ததாக ஒரு பெண் செய்யும் புகாரின் பேரில் யாரையும் கைது செய்யக் கூடாதாம். இறந்தவன் அவள் கணவனாக இருந்தால் மட்டும் செய்யலாமாம்! ஒரே தோலில் எழுதிய ஒரே சாசனம். ஒரு வரியில் கை கொடுக்கிறது, இன்னொரு வரியில் வாயை மூடுகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சாசனம் எழுதியதோடு ராஜாக்கள் அடங்கிவிடவில்லை. நானூறு வருஷம் கழித்து முதலாம் ஜேம்ஸ் ராஜா, வழக்குகளைத் தாமே விசாரிக்கப் போவதாகச் சொன்னார். "சட்டம் என்பது பகுத்தறிவுதானே? எனக்கும் பகுத்தறிவு இருக்கிறதே!" என்பது அவர் கட்சி. எட்வர்டு கோக் என்ற பிரதம நீதிபதி 1607-ல் அதற்குப் பதில் சொன்னார்: "தங்களுக்கு ஈசுவரன் நல்ல அறிவைக் கொடுத்திருக்கிறார். ஆனால் சட்டத்தின் அறிவு வேறு. அது வெகு நாள் படித்து அனுபவப்பட்டு வருவது. ராஜா மனிதர் யாருக்கும் கீழ்ப்பட்டவர் அல்ல, கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவர்" என்ற கருத்தில். இது கோக் தாமே எழுதி வைத்த வரலாறு. ராஜா கோபத்தில் சீறியதும் கோக் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டார் என்று அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்லுகிறது. இரண்டும் நடந்திருக்கலாம். முழங்கால் தரையில் பட்டாலும் சொன்ன சொல் நின்றுவிட்டது.

மூன்று வருஷம் கழித்து இன்னொரு தகராறு வந்தது. லண்டனில் புது வீடு கட்டக் கூடாது, கோதுமையிலிருந்து துணிக்குப் போடும் கஞ்சிப் பசை செய்யக் கூடாது என்று ராஜா விளம்பரம் போட்டுத் தடுக்கலாமா என்று கேட்டார்கள். சிரிக்காதீர்கள்! சலவைக் கஞ்சியில்தான் ஒரு ராஜ்யத்தின் தலையெழுத்து நிர்ணயமாயிற்று. கோக்கும் மற்ற நீதிபதிகளும் யோசித்து, விளம்பரம் போடுவதால் மட்டும் ராஜா ஒரு புதுக் குற்றத்தை உண்டாக்க முடியாது என்றார்கள். தேசத்தின் சட்டம் எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறதோ அவ்வளவுதான் ராஜாவுக்கு. புதுச் சட்டம் வேண்டுமென்றால் பார்லிமெண்டுக்குப் போக வேண்டும்.

1616-ல் ஜேம்ஸ் ராஜா கோக்கை வேலையை விட்டு நீக்கிவிட்டார். அதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. ராஜா நினைத்தால் வீட்டுக்கு அனுப்பக்கூடிய நீதிபதியிடம் எத்தனை நாளைக்குத் தைரியத்தை எதிர்பார்ப்பது? ஆகவே, நன்னடத்தையோடு இருக்கும் வரையில் நீதிபதியை ராஜா நீக்க முடியாது என்று 1701-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று ஏற்படுத்திற்று. அறுபத்து நாலு வருஷத்துக்குப் பின் காம்டன் பிரபு மந்திரியின் வாரண்டைத் தள்ளியபோது, அவர் நாற்காலிக்கு அடியில் இந்தச் சட்டம் இருந்தது.

நீதிபதிக்குத் தைரியம் இருந்தால் போதுமா? ஜூரிக்கும் வேண்டும். 1670-ல் வில்லியம் பென் என்ற வாலிபரும் வில்லியம் மீட் என்பவரும் லண்டன் தெருவில் கூட்டம் கூட்டியதாக வழக்கு. பென் அந்தக் கூட்டத்தில் பிரசங்கம் செய்தார். குற்றவாளிகள் என்று சொல்லும்படி ஜூரிகளை நீதிபதிகள் மிரட்டினார்கள். சோறு தண்ணீர் இல்லாமல், குளிருக்கு நெருப்பு இல்லாமல் இரண்டு இரவு பூட்டி வைத்தார்கள். பன்னிரண்டு பேரும் அசையவில்லை. அவர்களுக்கே அபராதம் விதித்தார்கள். எட்வர்டு புஷல் என்ற ஜூரி கட்ட மறுத்துச் சிறையில் இருந்தபடியே மேல் கோர்ட்டுக்குப் போனார். தம் மனச்சாட்சிப்படி தீர்ப்புச் சொன்னதற்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று பிரதம நீதிபதி வான் அவரை விடுதலை செய்தார்.

புஷல் பிடித்துக்கொண்டு வெளியே வந்த கயிற்றுக்குத்தான் 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்று பெயர். நம் கோர்ட்டுகளில் ஆட்கொணர்வு மனு என்கிறார்களே, அதுதான். பொருள் வெகு எளிது: யாரை அடைத்து வைத்திருக்கிறாயோ, அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி அடைத்தாய் என்று சொல்லு.

1771-ம் வருஷக் கடைசியில் தேம்ஸ் நதியில் நின்ற ஒரு கப்பலில் ஜேம்ஸ் ஸாமர்ஸெட் என்ற நீக்ரோ அடிமை விலங்கோடு கிடந்தார். எஜமானரிடமிருந்து ஓடிப்போனவரைப் பிடித்து ஜமைக்காவில் விற்பதற்காக ஏற்றியிருந்தார்கள். அவருடைய ஞானஸ்நானப் பெற்றோர் மூன்று பேர் இந்த மனுவைப் போட்டார்கள். அவர்களில் எலிஸபெத் கேட் என்ற பெண்மணியும் ஒருவர். 1772 ஜூன் 22-ந் தேதி மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்புச் சொன்னார்: அடிமை முறை மிகவும் வெறுக்கத்தக்கது, அதைத் தாங்கி நிற்கத் திட்டமான ஒரு சட்டம் வேண்டும், இங்கே அப்படி எதையும் காணோம், ஆகவே இவரை விட்டுவிட வேண்டும். மறுபடியும் அதே கேள்வி: எந்தச் சட்டம்? காட்டுங்கள்!

இதுவரை படித்துவிட்டு, "ஆஹா, என்ன நீதி!" என்று வியந்திருப்பீர்கள். இப்போது இன்னொரு பக்கத்தையும் புரட்டுவோம்.

என்டிக் வழக்கில் தீர்ப்பு வந்தது 1765 என்று சொன்னேன் அல்லவா? அதே 1765-ல் இங்கிலீஷ் சட்டத்தை விளக்கி பிளாக்ஸ்டன் எழுதிய பிரசித்தமான நூலின் முதல் பாகம் வெளிவந்தது. கணவனும் மனைவியும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள் என்று அது சொல்லிற்று. கேட்பதற்கு அர்த்தநாரீசுவர தத்துவம் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த ஒரே ஆள் யார் தெரியுமா? கணவன்! கல்யாணமான நிமிஷத்திலிருந்து மனைவியின் தனி இருப்பு சட்டத்தில் நின்றுபோய்விடும். அவள் சம்பாதிப்பது அவனுடையது. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. வழக்குப் போட முடியாது. குழந்தைகள் மேல் உரிமையும் அவனுக்குத்தான்.

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பார்கள் நம் ஊரில். அந்தத் தனி வளையை ராஜாவின் ஆட்களிடமிருந்து காம்டன் பிரபு காப்பாற்றினார். ஆனால் வளைக்குள்ளே இருந்தவளுக்கு ஒரு மூலைகூடச் சொந்தமில்லை!

கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் கதை இது. 1827-ல் அவருக்குக் கல்யாணமாயிற்று. கணவர் பாரிஸ்டர், பார்லிமெண்ட் மெம்பராக இருந்தவர். வீட்டில் அடி உதை. 1836-ல் அந்த மனிதர் மூன்று ஆண் குழந்தைகளையும் தாயிடமிருந்து பிரித்தார். பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபுவோடு மனைவிக்குத் தகாத உறவு என்று பிரபுவின் மேல் நஷ்டஈட்டு வழக்கும் போட்டார். வழக்கில் அடிபடுவது கரோலினின் பெயர். ஆனால் அவர் கட்சிக்காரர் இல்லை. சாட்சி சொல்லவும் இடமில்லை. சட்டத்தில்தான் அப்படி ஒருத்தியே இல்லையே! ஜூரிகள் பிரபு குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் குழந்தைகள் தாயிடம் வரவில்லை.

என்டிக் கேட்ட கேள்வியைக் கரோலினும் கேட்டிருப்பார்: எந்தச் சட்டப்படி என் குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? என்டிக்கின் எதிரிகளால் புத்தகத்தைக் காட்ட முடியவில்லை. கரோலினின் கணவரால் காட்ட முடிந்தது. அதுதான் கஷ்டம். புத்தகமே தப்பாக இருந்தால் நீதிபதி என்ன செய்வார்?

கரோலின் பேனாவை எடுத்தார். துண்டுப் பிரசுரம் எழுதினார். பார்லிமெண்டில் ஆதரவு தேடினார். 1839-ல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வைத்துக்கொள்ள, குற்றம் நிரூபிக்கப்படாத தாய் கோர்ட்டில் விண்ணப்பம் செய்யலாம். மணமான பெண்ணுக்கும் சட்டத்தில் ஒரு குரல் உண்டென்று அங்கீகரித்த முதல் சட்டங்களில் இது ஒன்று. ஆனால் கணவர் குழந்தைகளை ஸ்காட்லாந்தில் வைத்திருந்தார். அங்கே இந்தச் சட்டம் செல்லாது! 1842-ல் கடைக்குட்டி வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து காயம் பட்டு இறந்துபோனான். தாய் வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை.

பின்னால் கணவர் பணம் தருவதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தையும் மீறினார். கோர்ட்டில் அது செல்லாது என்றாகிவிட்டது. கணவனும் மனைவியும் ஒரே ஆள். ஒரே ஆள் தன்னோடு தானே எப்படி ஒப்பந்தம் செய்துகொள்வது? 1855-ல் கரோலின் விக்டோரியா மகாராணிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 1857-ல் விவாகரத்துச் சட்டம் வந்தது. கைவிடப்பட்ட மனைவியின் சம்பாத்தியத்தைக் கணவன் பறிக்காதபடி அது தடுத்தது. 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள், மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே என்று ஆக்கின. கரோலின் 1877-லேயே காலமாகிவிட்டார். அவர் கட்டிய பாலத்தின் மேல் மற்றவர்கள் நடந்து போனார்கள்.

ஆகவே, இந்த ஆட்சி முறைக்குக் கால் ஒன்றல்ல, இரண்டு. "எந்தச் சட்டப்படி?" என்று கேட்பது கோர்ட்டு. "அந்தச் சட்டம் நியாயந்தானா?" என்று கேட்டு மாற்றுவது பார்லிமெண்டு. முதல் கேள்வியைத் தைரியமுள்ள ஒரு மனிதர் தனியாகக் கேட்டுவிடலாம். இரண்டாவது கேள்விக்கு ஊர் கூட வேண்டும், ஓட்டு வேண்டும். இங்கிலாந்தில் ஆண்களுக்குச் சமமான ஓட்டுரிமை பெண்களுக்கு 1928-ல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் புத்தகத்தில் பிழைகள் ஏன் அத்தனை காலம் திருத்தப்படாமல் கிடந்தன என்று புரியும்.

சில சமயம் நீதிபதிகளே தங்கள் வீட்டு ஒட்டடையை அடித்ததும் உண்டு. மாத்யூ ஹேல் என்ற பதினேழாம் நூற்றாண்டு நீதிபதி எழுதி, அவர் காலத்துக்குப் பின் 1736-ல் அச்சான நூல் ஒன்றில், மணந்துகொண்டதாலேயே மனைவி என்றென்றைக்கும் சம்மதம் கொடுத்துவிட்டாள், ஆகையால் கணவன் மேல் பலாத்காரக் குற்றம் சாட்ட முடியாது என்று கண்டிருந்தது. ஒருவர் எழுதிய ஒரு வாக்கியம். இருநூற்றைம்பது வருஷம் அது சட்டமாக நடமாடிற்று. 1991-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை நீதிபதிகள், மனைவி என்பவள் கணவனுக்குச் சமமான துணை, அந்தப் பழைய கற்பனைக்கு இனிமேல் இடமில்லை என்று தள்ளிவிட்டார்கள். தீர்ப்புகளால் வளரும் சட்டத்துக்கு இந்த ஒரு நன்மை உண்டு. பழைய கறையைப் புதுத் தீர்ப்பு துடைக்கலாம். ஆனால் யாராவது ஒருத்தி கோர்ட்டு வாசல் வரையில் வந்தால்தான் துடைக்க முடியும்.

சலவைக் கஞ்சியை மறந்துவிடவில்லையே? 2019-ம் வருஷம் இங்கிலாந்தின் பிரதமர், பார்லிமெண்டை ஐந்து வாரம் ஒத்திவைக்கும்படி மகாராணிக்கு ஆலோசனை சொன்னார். வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. செப்டம்பர் 24-ந் தேதி பதினொரு நீதிபதிகளும் ஏகமனதாக, அந்த ஒத்திவைப்பு சட்டப்படி செல்லாது என்று சொன்னார்கள். மறுநாள் பார்லிமெண்டு கூடிற்று. அதிகாரத்துக்குச் சட்டமே எல்லை என்பதற்கு அவர்கள் எடுத்துக் காட்டிய முன் தீர்ப்பு எது தெரியுமா? நானூறு வருஷத்துக்கு முன் கோக் சொன்ன அதே விளம்பர வழக்குத்தான். தீர்ப்பை வாசித்தவர், அந்தக் கோர்ட்டின் முதல் பெண் தலைவரான பிரெண்டா ஹேல். தோளில் சிலந்தி வடிவத்தில் பெரிய புரோச் ஒன்று குத்திக்கொண்டு வந்திருந்தார். ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு! பழைய ஹேல் எழுதிய வாக்கியம் போயிற்று. புது ஹேல் நாற்காலியில் உட்கார்ந்தார். பெயர் ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறதல்லவா?

இந்தச் சட்டம் நம் ஊருக்கும் கப்பல் ஏறி வந்தது. சென்னையில் 1801-ல் ஸுப்ரீம் கோர்ட்டு, 1862-ல் ஹைகோர்ட்டு. ஆனால் தங்கள் நாட்டில் 'எந்தச் சட்டப்படி?' என்று கேட்கக் கற்றவர்கள், இங்கே நாம் கேட்டபோது முகத்தைச் சுளித்தார்கள். விசாரணை இல்லாமல் அடைத்து வைக்க இடம் கொடுத்த 1919-ம் வருஷத்து ரௌலட் சட்டத்தை நம்மவர்கள் மறக்கவில்லை. கொர்னிலியா ஸொராப்ஜி என்ற நம் நாட்டுப் பெண்மணி 1892-ல் ஆக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சை எழுதினார். எழுதிய முதல் பெண் அவரே. ஆனால் பெண்ணுக்குப் பட்டம் கிடையாது என்று அந்தப் பட்டத்தை 1922 வரையில் கொடுக்கவில்லை.

ஆகவே சுதந்திரம் வந்ததும் நாம் ஞாபகத்தையும் பெருந்தன்மையையும் நம்பாமல் எழுதியே வைத்துக்கொண்டோம். அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து போன அம்மு சுவாமிநாதன், துர்க்காபாய், தாக்ஷாயணி வேலாயுதன் ஆகிய பெண்மணிகளும் உட்கார்ந்திருந்தார்கள். 1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த அந்தப் புத்தகத்தில், ஆட்கொணர்வு மனுவுக்கு ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போக 32-வது ஷரத்தும், ஹைகோர்ட்டுக்குப் போக 226-வது ஷரத்தும் இருக்கின்றன. ஸுப்ரீம் கோர்ட்டு சொல்லும் சட்டம் எல்லாக் கோர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும் என்று 141-வது ஷரத்து சொல்லுகிறது. ஹென்றி ராஜாவின் நீதிபதிகள் ஊர் சுற்றிச் சேர்த்த வழக்கம், நம்மிடம் ஒரு நம்பராக வந்து உட்கார்ந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண் குழந்தைக்குச் சமையல், கோலம், சங்கீதம் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். கூடவே இந்த இரண்டு கேள்விகளையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் நல்லது. "எந்தச் சட்டப்படி?" என்பது ஒன்று. "அந்தச் சட்டம் நியாயந்தானா?" என்பது இன்னொன்று. வாசலில் யார் வந்து நின்றாலும் முதல் கேள்வியைக் கேட்கலாம். இரண்டாவது கேள்வியை, வாசலுக்கு உள்ளே இருப்பவர்களிடமும் கேட்கலாம்.